அச்சுக்கு மசகு போடலாம்... முழங்காலுக்கு?

நாற்று நட்டு முடித்து வரப்பேறும் பெண்கள் முதலில் இரண்டு கைகளையும் இடுப்பில் ஊன்றி மெல்ல நிமிர்வார்கள். கூடவே 'அம்மாடி' என்று ஒரு குரல் வரும். களத்தில் மூட்டை தூக்குபவருக்கும் அதே இடத்தில்தான் வலி. 'வயசாயிடுச்சு' என்று சொல்லித் தைலத்தைத் தேடுவார்கள். உடம்பின் எலும்புக் கட்டுமானம் தெரிந்தால், வலி ஏன் வருகிறது என்பது புரியும். வராமல் காக்கும் வழியும் தெரியும்.

எலும்பு பச்சை மரம்

பிறந்த குழந்தைக்கு ஏறத்தாழ 300 எலும்புகள். வளர வளரப் பல ஒன்றாகக் கூடி, பெரியவர்களுக்கு 206 ஆகிறது. அதில் பாதிக்கு மேல் கைகளிலும் பாதங்களிலும்தான்: மணிக்கட்டோடு சேர்த்து ஒரு கையில் 27, ஒரு பாதத்தில் 26. எலும்பு காய்ந்த கட்டை அல்ல. அதற்கு ரத்த ஓட்டம் உண்டு. உள்ளிருக்கும் மஜ்ஜையில்தான் ரத்த அணுக்கள் உருவாகின்றன. அதனால்தான் முறிந்த எலும்பு மறுபடி கூடுகிறது.

தேய்ந்தால் நிரம்பாது

தோளிலும் இடுப்பிலும் இருப்பது பந்துக்கிண்ண மூட்டு. எல்லாப் பக்கமும் சுழலும். மண்வெட்டியை ஓங்க முடிவது அதனால்தான். முழங்கால் கிட்டத்தட்ட கதவுக் கீல் போன்றது. மடக்கி நீட்டுவதுதான் அதன் முக்கிய வேலை. சேற்றில் கால் புதைந்திருக்க, உடம்பை மட்டும் திருப்பினால் கீலைத் திருகியது போலாகும்.

மூட்டில் எலும்பு முனைகளை வழவழப்பான குருத்தெலும்பு மூடியிருக்கிறது. நடுவே, வண்டி அச்சுக்கு மசகு போல, ஒரு திரவம். அச்சுக்கு மசகு தீர்ந்தால் மறுபடி போடலாம். குருத்தெலும்புக்கோ ரத்தக் குழாய் கிடையாது. தேய்ந்த இடம் எலும்பைப் போலத் தானாகக் கூடி நிரம்பாது. அதற்கான சத்து பெரும்பாலும் அந்தத் திரவத்திலிருந்துதான் கிடைக்கிறது. மூட்டு அசையும்போது பஞ்சைப் போலப் பிழிந்து உறிஞ்சிக்கொள்கிறது. ஆகவே அளவு மீறிய பாரமும் கெடுதல், அசையாமல் கிடப்பதும் கெடுதல்.

முதுகுக்குள் நுங்கு

முதுகுத்தண்டில் கழுத்திலிருந்து இடுப்பு வரை 24 முள்ளெலும்புகள் அடுக்கியிருக்கின்றன. அவற்றுக்கு இடையே மெத்தை போன்ற தட்டுகள். வெளியே உறுதியான நார், உள்ளே நுங்கு போன்ற கூழ். முழங்காலை மடக்காமல் குனிந்து பாரம் தூக்கினால், தட்டின் முன்பக்கம் நசுங்கிக் கூழ் பின்னால் தள்ளப்படும். அது பிதுங்கி நரம்பை அழுத்தினால், வலி இடுப்பிலிருந்து கால் வரை இறங்கும்.

வளர்ந்த ஆண் கையால் தூக்கும் பாரம் 55 கிலோவைத் தாண்டக்கூடாது என்று சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு 1967-லேயே பரிந்துரைத்தது. நம் களத்து மூட்டையோ பல இடங்களில் 75 கிலோ!

செய்ய வேண்டியவை

* மூட்டை அருகே முழங்காலை மடக்கி உட்கார்ந்து, உடம்போடு அணைத்து, கால் பலத்தில் எழ வேண்டும். பெரிய மூட்டைக்கு இரண்டு பேர் வேண்டும்.
* பாரத்தோடு இடுப்பைத் திருப்பாமல், காலை எடுத்து வைத்துத் திரும்ப வேண்டும்.
* நடவு, களையெடுப்பில் அரை மணிக்கு ஒருமுறை நிமிர்ந்து, சற்றுப் பின்னால் வளைய வேண்டும். களைக்கருவியின் கைப்பிடி, குனியாமல் தள்ளும் உயரத்தில் இருக்கட்டும்.
* கேழ்வரகு, முருங்கைக்கீரை, பால், மோர் சுண்ணாம்புச் சத்து தரும். மாதவிலக்கு நின்ற பெண்களுக்கு எலும்பு வேகமாக வலுவிழப்பதால் இவை மிகவும் அவசியம்.
* விழுந்து எலும்பு முறிந்ததாகத் தெரிந்தால் உருவவோ இழுக்கவோ கூடாது. அசையாமல் மட்டை வைத்துக் கட்டி மருத்துவமனைக்குக் கொண்டுபோக வேண்டும்.
* முதுகுவலியோடு கால் மரத்துப்போனாலோ, சிறுநீர் கட்டுப்படாமல் போனாலோ அன்றே மருத்துவரைப் பார்க்க வேண்டும்.

வாசகர் கேள்வி

'முழங்கால் தேய்மானம் என்கிறார்கள். இனி நடக்காமல் படுத்தே இருக்க வேண்டுமா?'

வேண்டாம். படுத்தே கிடந்தால் தொடைத் தசை மெலிந்து, பாரம் முழுவதும் மூட்டின் மேல் விழும். பாரம் தூக்குவதையும் சம்மணம் போட்டு நெடுநேரம் உட்கார்வதையும் குறைத்துக்கொண்டு, சமதரையில் தினமும் நடக்கலாம். நாற்காலியில் உட்கார்ந்து காலை நீட்டி, பத்து எண்ணி இறக்கும் பயிற்சி தொடைக்கு வலுவூட்டும். மூட்டு வீங்கிச் சூடாக இருந்தால் மட்டும், மருத்துவரைப் பார்த்த பிறகு தொடங்க வேண்டும்.