எலும்பைக் காக்கும் உடை

எலும்பு கல்லைப் போன்றது என்று பலர் நினைக்கிறார்கள். அது சரியல்ல. எலும்புக்கு உயிர் உண்டு. பழைய எலும்பு சிறிது சிறிதாகக் கரைகிறது. அந்த இடத்தில் புதிய எலும்பு வளர்கிறது.

நடக்கும்போதும் சுமை தூக்கும்போதும் தசைகள் எலும்பை இழுக்கின்றன. அதனால் எலும்பு உறுதி பெறுகிறது. வேலை இல்லாவிட்டால் எலும்பு மெலிகிறது.

விண்வெளி வீரர்களுக்கு இதுதான் நேர்கிறது. அங்கே உடல் எடை தெரியாது. எல்லோரும் மிதப்பார்கள். கால்கள் உடலைத் தாங்க வேண்டியதில்லை. உடற்பயிற்சி செய்யாவிட்டால், இடுப்பு எலும்பில் மாதந்தோறும் நூற்றில் ஒரு பங்குக்கு மேல் குறைந்துவிடும்.

இதற்கு என்ன செய்தார்கள்?

1970களில் சோவியத் நாட்டினர் ஓர் உடை செய்தார்கள். அதன் பெயர் பெங்குவின் உடை. அதற்குள் ரப்பர் போல் இழுபடும் நாடாக்கள் இருக்கும். அவை தோளையும் காலையும் இடுப்பை நோக்கி இழுக்கும். வீரர் நிமிர்ந்து நிற்கவே பலம் தேவைப்படும். இதனால் தசைக்கும் எலும்புக்கும் வேலை கிடைக்கும்.

உடை மட்டும் போதாது. இன்றும் விண்வெளி வீரர்கள் தினமும் சுமார் 2 மணி நேரம் உடற்பயிற்சி செய்கிறார்கள். ஓடும்போது மிதக்காமல் இருக்க, வார்ப்பட்டை அவர்களைக் கீழே இழுத்துப் பிடிக்கும்.

பூமியில் இருப்பவர்களுக்கும் எலும்பு மெலியும். மாதவிடாய் நின்ற பெண்களுக்கு இது வேகமாக நடக்கும். வலி எதுவும் தெரியாது. ஒருநாள் வழுக்கி விழுந்தால் இடுப்பு எலும்பு முறியும். பிறகு பலர் முன்போல் நடக்க முடிவதில்லை.

இத்தகைய பெண்களுக்காக அமெரிக்காவில் ஓர் இடுப்புப் பட்டை வந்துள்ளது. 2024 ஜனவரியில் அதற்கு அனுமதி கிடைத்தது. அது மெல்ல அதிரும். அந்த அதிர்வு இடுப்புக்கும் முதுகெலும்புக்கும் போகும். எலும்பு மெலிவதை அது தாமதப்படுத்தும். முற்றிலும் தடுக்காது. டாக்டர் சீட்டு இல்லாமல் வாங்க முடியாது.

பட்டை இல்லையே என்று கவலைப்பட வேண்டாம். பூமியே நம்மைக் கீழே இழுக்கிறது. எழுந்து நடந்தாலே எலும்புக்கு வேலைதான். தினமும் நடங்கள். உடலில் வெயில் படட்டும். கேழ்வரகு, எள், கீரை, பால், சிறு மீன் ஆகியவற்றைச் சேர்த்துக்கொள்ளுங்கள். 100 கிராம் கேழ்வரகில் 300 மில்லி கிராமுக்கு மேல் சுண்ணாம்புச் சத்து உண்டு.

வயதானவர் கூன் விழுந்தாலும், லேசாக விழுந்ததற்கே எலும்பு முறிந்தாலும், “வயசாயிடுச்சு” என்று விட்டுவிடாதீர்கள். டாக்டரிடம் காட்டுங்கள்.