இணையத்தையே குறுக்கு விசாரணை செய்யலாம், தெரியுமா?

வங்கிக் கணக்கு முதல் சம்பளப் பட்டியல் வரை இன்றும் ஆட்சி செய்யும் எஸ்.க்யூ.எல். மொழியை 1974-இல் உலகுக்குக் காட்டிய இருவரில் ஒருவர் ஐ.பி.எம். நிறுவனத்தின் டான் சேம்பர்லின். இது பாடப்புத்தகச் செய்தி. கால் நூற்றாண்டு கழித்து அதே மனிதர் திரும்பி வந்து, அட்டவணைக்குள் அடங்க மறுக்கும் இணையத் தரவுகளுக்காக இன்னொரு வினவல் மொழிக்கும் விதை போட்டார் என்பது தெரியுமா? 2000-இல் அவரும் ஜோனதன் ராபியும் டேனியலா ஃப்ளோரெஸ்குவும் சேர்ந்து உருவாக்கிய 'க்வில்ட்' தான் எக்ஸ்க்வெரி என்ற அந்த மொழிக்குத் தாய்!

அதென்ன அடங்காத தரவு? கல்யாணப் பத்திரிகைகளை நினைத்துக்கொள்ளுங்கள். ஒன்றில் தாத்தா பெயர் இருக்கும், இன்னொன்றில் இருக்காது. ஒருவருக்கு நான்கு பட்டங்கள், அடுத்தவருக்கு ஒன்றுமில்லை. ஆனாலும் மணமகன் யார், முகூர்த்தம் எப்போது என்று கண்டுபிடித்துவிடுவோம். இணையப் பக்கங்களும் இந்த ரகம்தான். இவற்றிடம் கேள்வி கேட்க ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் 'லோரெல்' என்ற மொழியை உருவாக்கியபோது, இத்தகைய தரவை எழுத உதவும் எக்ஸ்.எம்.எல். வடிவம் பிறக்கவே இல்லை! அதைவிட வியப்பு: வழக்கமாகத் தரவின் அமைப்பை முதலில் வகுத்துவிட்டுத்தான் தரவை நிரப்புவார்கள், லோரெல் ஓடிய 'லோர்' அமைப்போ, குவிந்து கிடக்கும் தரவைப் பார்த்துத் தானே அதன் அமைப்பை வரைந்து காட்டியது.

எக்ஸ்பாத் மொழியில் உறவுமுறை உண்டு தெரியுமா? 1999 நவம்பரில் வந்த இம்மொழிக்கு ஓர் எக்ஸ்.எம்.எல். ஆவணம் என்பது ஒரு வம்சம். பெற்றோர், பிள்ளை, மூதாதை, வழித்தோன்றல் என்று 13 திசைகளில் நடக்கலாம். உடன்பிறப்பிலும் முன்னது, பின்னது என்று அண்ணன் தம்பிக்குத் தனித்தனி வழி! மாமன் மச்சான்தான் பாக்கி. இரண்டு சாய்கோடு போட்டால் போதும், எத்தனை தலைமுறை ஆழத்தில் ஒளிந்திருந்தாலும் தோண்டி எடுத்துவிடும்.

ஒரு கிலோபைட்டுக்கும் குறைவான எக்ஸ்.எம்.எல். கோப்பு கணினியையே மூச்சுமுட்ட வைக்கும், தெரியுமா? 'நூறு கோடிச் சிரிப்பு' என்று இதற்குப் பெயர். 'லோல்' என்று ஒரு சொல், அதைப் பத்து முறை அழைக்கும் இன்னொன்று, அதைப் பத்து முறை அழைக்கும் மற்றொன்று... இப்படி அடுக்கினால் விரியும்போது நினைவகத்தில் ஏறக்குறைய 3 ஜிபி! கண்டுபிடித்தவருக்குக் குறும்பு அதிகம்தான்.

ஜேசான் வடிவத் தரவைக் கேள்வி கேட்கும் ஜேசான்பாத் மொழியின் கதை வேறு மாதிரி. ஸ்டெஃபான் கோஸ்னர் 2007-இல் எழுதி வெளியிட்டார், எல்லோரும் எடுத்துக்கொண்டார்கள், ஒரே கேள்விக்கு ஒவ்வொரு மென்பொருளும் ஒவ்வொரு பதில் சொன்னது. முறையான தரநிலை வந்தது 2024-இல். பதினேழு வருடம்!

இனி நம் ஊர்த் தொடர்பு. ஐ.ஐ.டி. மெட்ராஸில் இயந்திரப் பொறியியல் படித்த ராமநாதன் குஹா, நெட்ஸ்கேப் நிறுவனத்தில் டிம் பிரேயுடன் சேர்ந்து போட்ட அடித்தளத்தில் எழுந்ததுதான் ஆர்.டி.எஃப். என்ற தரவு மாதிரி. அதில் உலகத்துச் செய்தியெல்லாம் 'இது – இன்ன உறவு – அது' என்ற மூன்று துண்டு வாக்கியமாகிவிடும். அவற்றைக் கேள்வி கேட்கப் பிறந்த மொழி ஸ்பார்க்கிள், 2008-இல் தரநிலை பெற்றது. இன்று விக்கிடேட்டா என்ற இணையத் தரவுத்தளம் அதில்தான் பதில் சொல்கிறது. அங்கே எல்லாவற்றுக்கும் எண் உண்டு: பிரபஞ்சம் க்யூ1, மனிதன் க்யூ5, தமிழ் க்யூ5885! பெண் மேயர்கள் ஆளும் பெரிய நகரங்கள் எவை? கூகுளில் தேடினால் கட்டுரைகள் வரும். இங்கே கேட்டால் பட்டியலே வரும். என்னைக் கேட்டால், இந்த மொழிகளிலேயே சாமானியருக்கு மிகவும் பயன்படுவது இதுதான்.

விக்கிடேட்டா வினவல் சேவைக்குக் கணக்கும் தேவையில்லை, கட்டணமும் இல்லை. எடுத்துக்காட்டுகளில் முதலில் நிற்பது பூனைகள். அதை ஓட்டிப் பாருங்கள். பிறகு மொழிக் குறியீட்டைத் தமிழுக்கு மாற்றி மறுபடி ஓட்டுங்கள். தமிழ்ப் பெயர் இல்லாமல் ஏதாவது வந்தால், அதை நீங்களே சேர்க்கலாம்.