மேடையிற் சொன்னது வயலுக்கு வரும் வழி

கதிரவெளி, மட்டக்களப்பு மாவட்டத்தின் வட எல்லையை அடுத்த ஊர். கிழக்கே கடல், வடக்கே மகாவலியின் கிளையாகிய வெருகலாறு, மேற்கே காடும் வயலும். கடலோர மணலிற் கச்சானும் மரக்கறியும், உட்புறத் தாழ்நிலத்தில் நெல்லும் செய்யப்படுகின்றன. மாவட்டத் தலைநகருக்குத் தொலைவிலுள்ள இவ்வூருக்கு அரசாங்கத்தின் கொள்கை எதுவும் முதலில் ஒரு பிரதிநிதியின் வாய்ச்சொல்லாகவே வந்து சேர்வது வழக்கம். குளம் திருத்தப்படும், பசளை மானியம் கூட்டப்படும், வெள்ள நட்டத்துக்குப் பணம் கொடுபடும் என்று ஒரு பாராளுமன்ற உறுப்பினரோ பிரதேச சபைத் தவிசாளரோ கூட்டத்திற் சொல்கிறார். கேட்ட கமக்காரர் மகிழ்ந்து வீடு திரும்புகின்றனர். பணம் வருங் காலத்தில் ஒருவருக்கு வருகிறது. அடுத்த வயற்காரருக்கு வருவதில்லை. பிரதிநிதி பொய் சொன்னார் என்று பலர் முடிவு கட்டிவிடுகின்றனர். பெரும்பாலும் சங்கதி அதுவன்று. அச்சொல் எந்த அலுவலகத்தின் எந்த இடாப்பு வழியாக வயலுக்கு வரவேண்டுமோ, அந்த இடாப்பில் அவ்வயலின் பெயர் இல்லாமையே காரணமாகும்.

முன்னாளில் யாரைக் கேட்பது என்பதில் மயக்கம் இருக்கவில்லை. 1947ஆம் ஆண்டு முதல் கதிரவெளி கல்குடாத் தொகுதியைச் சேர்ந்திருந்தது. தொகுதிக்கு ஓர் உறுப்பினர். முதலாவது உறுப்பினர் வ. நல்லையா அவர்கள். 1965இல் தெரிவான கே. டபிள்யூ. தேவநாயகம் அவர்கள் பின்னர் அமைச்சராகவும் விளங்கினார். குறை ஏதும் உண்டாயின் அவ்வொருவரையே கேட்கலாம். தட்டிக்கழிக்க அவருக்கு வேறு ஆள் இல்லை. 1989ஆம் ஆண்டுப் பொதுத்தேர்தலிலிருந்து விகிதாசார முறை வந்தது. மாவட்டம் முழுவதற்குமாக உறுப்பினர் பலர் தெரிவாகின்றனர். எல்லோரும் கதிரவெளிக்கும் பிரதிநிதிகளே. ஆயினும் கதிரவெளிக்கென்று பொறுப்பேற்றவர் எவருமிலர் என்றும் சொல்லலாம்.

இதனோடு அதிகாரமும் பலவாகப் பிரிந்தது. 1987ஆம் ஆண்டின் பதின்மூன்றாவது அரசியலமைப்புத் திருத்தத்தின்படி விவசாய விரிவாக்கமும், ஒரு மாகாணத்துக்குள்ளேயே அடங்கும் நீர்ப்பாசன வேலைகளும் மாகாண சபைக்கு உரியவை. ஒன்றுக்கு மேற்பட்ட மாகாணங்களினூடாக ஓடும் ஆறுகளைச் சார்ந்த வேலைகள் மத்திய அரசாங்கத்துக்கு உரியவை. மகாவலி அத்தகையதாதலால், வெருகலாற்று வெள்ளத்தை மறிக்கும் அணையைப் பற்றி மாகாண உறுப்பினரிடம் முறையிடுவதாற் பயன் குறைவு. ஏறக்குறைய 200 ஏக்கருக்குக் குறைந்த வயலுக்கு நீர் பாய்ச்சும் சிறு குளங்களைக் கமநல அபிவிருத்தித் திணைக்களம் பார்த்துவருகிறது. சந்தையும் ஊரின் உள்வீதியும் பிரதேச சபைக்கு உரியவை. யானையோ வனசீவராசிகள் பாதுகாப்புத் திணைக்களத்துக்கு உரியது. எந்த எல்லையையும் மதியாமல் எல்லாருடைய வயலிலும் இறங்குவதும் அதுவே.

கிழக்கு மாகாண சபையின் பதவிக்காலம் 2017ஆம் ஆண்டு செப்டெம்பர் 30ஆந் திகதி முடிவுற்றது. அதன் பின்னர் பல ஆண்டுகள் தேர்தல் நடைபெறாமல், மாகாண நிருவாகம் ஆளுநரின் பொறுப்பில் நடந்தது. உறுப்பினர் இல்லாவிடினும் மாகாண விவசாயத் திணைக்களமும் அதன் போதனாசிரியர்களும் தம் வேலையை விடவில்லை என்பதைக் கமக்காரர் மறத்தலாகாது. பேச ஆள் இல்லாத காலத்திலும் எழுதிக் கேட்க அலுவலகம் இருந்தது.

கமக்காரருடைய கையிற் சட்டம் நேரே கொடுத்த அதிகாரம் ஒன்று உண்டு. அதனை மிகச் சிலரே முழுமையாகப் பயன்படுத்துகின்றனர். அது பயிர்ச்செய்கை ஆரம்பக் கூட்டம். தேசாதிபதி சேர் ஹென்றி வாட் காலத்தில், 1856ஆம் ஆண்டின் ஒன்பதாம் இலக்கக் கட்டளைச் சட்டம், வயற்காரர் கூடிப் பெரும்பான்மையால் நீர் முறையைத் தீர்மானிக்கும் பழைய வழக்கத்துக்குச் சட்ட வலு அளித்தது. மட்டக்களப்புப் பகுதியில் வட்டவிதானை என்னும் பெயர் இன்றும் வழங்கிவருவது அப்பழைய ஒழுங்கின் எச்சமே. 1946ஆம் ஆண்டின் நீர்ப்பாசனக் கட்டளைச் சட்டமும் அதன் பின்வந்த திருத்தங்களும் அம்முறையைத் தொடர்ந்தன. நீர்ப்பாசன வயல்களுக்கு அரசாங்க அதிபரின் தலைமையில் அல்லது அவரது அதிகாரம் பெற்றவரின் தலைமையில் இக்கூட்டம் நடைபெறும். மானாவாரி வயல்களின் காரியங்கள் கமநல சேவை நிலைய மட்டத்திற் பேசப்படும்.

முதல் நீர் திறக்கும் நாள், விதைப்பு முடியவேண்டிய நாள், விதைக்கத்தக்க நெல்லினத்தின் வயது, வேலி அடைக்கும் நாள், கால்நடைகளை வயற்புறத்திலிருந்து அப்புறப்படுத்தும் நாள், நீர் நிறுத்தும் நாள் ஆகிய யாவும் அங்கே தீர்மானிக்கப்படுகின்றன. தீர்மானம் பதிவானபின் அதனை மீறுவோர் மீது வழக்குத் தொடரலாம். பாராளுமன்ற உறுப்பினர் வந்து முன்வரிசையில் அமர்ந்து, “மேலும் பத்து நாள் தண்ணீர் தரச் சொல்கிறேன்” என்று கூறுவது அழகிய வார்த்தையே. ஆனால் அது பிரேரணையாகி, ஒருவர் வழிமொழிந்து, கூட்ட அறிக்கையில் எழுதப்பட்டாலன்றி வாய்க்காற் கதவு அதற்காகத் திறவாது. ஆதலாற் கூட்டம் கலையுமுன் அறிக்கையை வாசித்துக் காட்டும்படி கேட்டல் வேண்டும். கேட்பதில் யாதொரு மரியாதைக் குறைவும் இல்லை.

இடாப்பிற் பெயர் இருத்தலின் அருமையை இந்நாட்டுக் கமக்காரர் ஒருமுறை மிகுந்த விலை கொடுத்தே கற்றனர். அப்போது விவசாய அமைச்சராயிருந்த பிலிப் குணவர்தன அவர்கள் கொண்டுவந்த 1958ஆம் ஆண்டின் முதலாம் இலக்க நெற்காணிச் சட்டம், வாரத்துக்குச் செய்வோரை நிலத்திலிருந்து நீக்கலாகாது என்றும், போடியாருக்குக் கொடுக்கும் வாரம் ஒரு வரம்புக்கு மேற் போகலாகாது என்றும் விதித்தது. செய்கையாளரே பெரும்பான்மையாய் அமர்ந்த பயிர்ச்செய்கைக் குழுக்களும் அமைக்கப்பட்டன. நோக்கம் உயர்ந்தது. ஆயினும் சட்டம் நடைமுறைக்கு வருமுன்னும் வந்த பின்னும் ஆயிரக்கணக்கானோர் வயலை இழந்தனர். தலைமுறையாகச் செய்தவர் பலரிடம் தாமே செய்கையாளர் என்று காட்ட ஓர் எழுத்தும் இருக்கவில்லை. பாதுகாக்க வந்த சட்டத்தின் முன் அவர்கள் பெயரில்லாதவராய் நின்றனர்.

அச்சட்டத்தின் இடத்துக்கு 1979ஆம் ஆண்டின் கமநல சேவைகள் சட்டமும், அதன்பின் 2000ஆம் ஆண்டின் 46ஆம் இலக்கக் கமநல அபிவிருத்திச் சட்டமும் வந்தன. பின்னையதன்படி கமத்தொழிற் காணிகளின் பதிவேடு கமநல சேவை நிலையத்தில் வைக்கப்படுகிறது. சொந்தக்காரர் பெயரும் செய்கையாளர் பெயரும் அதில் இருத்தல் வேண்டும். ஏக்கர் வரி சிறு தொகையே; ஆனால் அப்பற்றுச்சீட்டு, பெயர் இடாப்பில் உண்டு என்பதற்குச் சான்றாகும். பசளை மானியம், பயிர்க் காப்புறுதி, வெள்ள நட்டஈடு ஆகியவை இப்பதிவேட்டைப் பார்த்தே எழுதப்படுகின்றன. வாரக்காரர் செய்யும் வயலுக்குக் காணிச் சொந்தக்காரர் மானியம் பெற்றுக்கொள்வது ஆங்காங்கு கேட்கப்படும் குறை. செய்கையாளர் பெயரில் எழுத்து இல்லாவிட்டால் அதனைத் தீர்க்க எந்த உத்தியோகத்தராலும் இயலாது.

கொள்கை மாறும் வேகத்துக்கு 2021ஆம் ஆண்டு சாட்சி. அவ்வாண்டு மே மாதம் 6ஆந் திகதிய வர்த்தமானி மூலம் இரசாயனப் பசளை, கிருமிநாசினி ஆகியவற்றின் இறக்குமதி தடைசெய்யப்பட்டது. இது பாராளுமன்றம் விவாதித்து நிறைவேற்றிய புதிய சட்டம் அன்று. 1969ஆம் ஆண்டின் இறக்குமதி, ஏற்றுமதிக் கட்டுப்பாட்டுச் சட்டத்தின் கீழ் வந்த ஒழுங்குவிதி. பெரும்போகம் தொடங்கியபோது யூரியா இல்லை. இந்தியாவிலிருந்து நனோ நைதரசன் திரவம் வருவிக்கப்பட்டது. சேதனப் பசளை நல்லதே. ஆயின் ஏக்கர் ஒன்றுக்கு வேண்டிய தொன் கணக்கான சேதனப் பொருளை ஒரே போகத்தில் நாடெங்கும் ஆக்குதல் இயலும் காரியம் அன்று. நவம்பர் 24ஆந் திகதி தடை நீக்கம் அறிவிக்கப்பட்டபோது பல வயல்களிற் பயிர் மட்டம் வெடிக்கும் பருவத்தில் நின்றது அல்லது அதனைக் கடந்துகொண்டிருந்தது. அறிவிப்பு வந்த நாளிற் பசளை வந்துவிடவில்லை. அப்பெரும்போகத்தில் நாட்டின் நெல் விளைவு முந்திய பெரும்போகத்திலும் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் வீழ்ந்தது. 2005ஆம் ஆண்டு மானியத் திட்டம் தொடங்கியபோது 350 ரூபாவுக்குக் கிடைத்த 50 கிலோ யூரியா மூட்டை, 2022இல் வெளிச்சந்தையில் முப்பதாயிரம் ரூபாவையும் கடந்து விற்கப்பட்டது. பிரதிநிதியின் பேச்சை மட்டும் நம்பி விதைப்பு நாளைக் குறித்தலாகாது என்பதும், வர்த்தமானியில் என்ன உண்டு என்று கமநல சேவை நிலையத்திற் கேட்டறிதல் நலம் என்பதும் அப்போகம் தந்த அனுபவம்.

இப்பகுதிக்கு வெள்ளம் புதிதன்று. 2011ஆம் ஆண்டு சனவரி, பெப்ரவரி மாதங்களிற் கிழக்கு மாகாணம் எங்கும் விளைந்த நெல் நீரில் அழுகியது. 2025ஆம் ஆண்டு நவம்பர் இறுதியில் டித்வா புயலின்போது மகாவலி பெருக்கெடுத்தது. இத்தகைய வேளைகளில் நட்டஈட்டு அறிவிப்புகள் மேடைதோறும் கேட்கும். 2018ஆம் ஆண்டில் நெல், சோளம், மிளகாய், பெரிய வெங்காயம், உருளைக்கிழங்கு, சோயா ஆகிய ஆறு பயிர்களுக்கு ஏக்கருக்கு 40,000 ரூபா வரையிலான காப்புறுதித் திட்டம் கொண்டுவரப்பட்டது. பின்னர் தொகைகளும் விதிகளும் மாறின. ஒவ்வொரு போகத்திலும் நடப்பு விதியைக் கமத்தொழில், கமநலக் காப்புறுதிச் சபையிடம் கேட்டறிதல் வேண்டும். மாறாதது ஒன்று: நட்டத்தை உடனே அறிவித்தல். நீர் வடிந்து, உழுது, மறுபடி விதைத்தபின் மதிப்பீட்டுக்கு வருபவர் எதனைப் பார்த்து எழுதுவார்? நீர் நிற்கும்போதே வயலைப் படம் பிடித்து, கமக்கார அமைப்பின் செயலாளர் மூலம் எழுத்தில் அறிவித்து, கொடுத்த நாளைக் குறித்துக்கொள்ளல் வேண்டும்.

மேற்சொன்ன ஆறு பயிர்களில் மிளகாயும் வெங்காயமும் உண்டு. கத்தரியும் வெண்டியும் பயற்றையும் இல்லை. மரக்கறி செய்வோர் பெரும்பாலும் இவ்வாறே திட்டங்களின் ஓரத்தில் நிற்கின்றனர். காணி சிறிது, பதிவு குறைவு, கூட்டத்துக்கு வருவோரும் சிலர். பிரதிநிதிகளிடம் இவர்கள் கேட்கவேண்டியது நெற்காரர் கேட்பதன்று. கிணற்றுக்கும் நீரிறைக்கும் யந்திரத்துக்குமான உதவி, விற்பனைக்கு நிழலும் தராசும் உள்ள சந்தை, அறுவடையை வீதிக்குக் கொண்டுவரும் பாதை ஆகியவையே இவர்களுக்கு முதன்மை. இவற்றுட் சிறியவற்றை, 1974ஆம் ஆண்டில் தொடங்கிய பன்முகப்படுத்தப்பட்ட வரவு செலவுத் திட்டத்தின் வழிவந்த நிதி போன்றவற்றால் ஓர் உறுப்பினர் செய்து முடிக்கலாம். ஒரு மதகுக்கு அந்நிதி போதும், குளக்கட்டுக்குப் போதாது.

காணி அனுமதிப்பத்திரத்தைப் பற்றியும் சொல்லவேண்டும். இப்பகுதியிற் பலர் செய்வது அரசாங்கக் காணி. 1935ஆம் ஆண்டின் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின் கீழ்ப் பத்திரம் பெற்றவர் காலமானால், வாழ்க்கைத் துணைவருக்கு ஆயுட்கால உரிமை உண்டு. பின்னுரித்தாளர் நியமிக்கப்படாதவிடத்து உரித்து வரிசையில் ஆண்மக்களே முன் நின்றனர். 2022ஆம் ஆண்டின் திருத்தச் சட்டம் அவ்வேற்றுமையை நீக்கி, ஆண் பெண் பேதமின்றி மக்களுக்கு உரித்தை வகுத்தது. 2004ஆம் ஆண்டுச் சுனாமியும், 2006, 2007ஆம் ஆண்டுகளின் யுத்தமும் இடப்பெயர்வும் கண்ட இக்கரையில், பெண்களே தலைவர்களாய் நடத்தும் குடும்பங்கள் பல. அவர்களுட் சிலர் பத்திரத்தையே வெள்ளத்திலும் ஓட்டத்திலும் இழந்தவர்கள். பிரதி எடுப்பதற்கும் பின்னுரித்தாளரை நியமிப்பதற்கும் வாகரைப் பிரதேச செயலகத்தின் காணிப் பிரிவை நாடவேண்டும். மக்கள் சபையிற் செய்த திருத்தங்களுள் இவ்வூருக்கு இதனினும் பயனுள்ளது சமீபத்தில் வேறில்லை. ஆயினும் இதனை மேடையிற் சொன்னவர்கள் மிகச் சிலர்.

பிரதிநிதிக்கு மகஜர் கொடுப்பதாயின் ஒரு மகஜரில் ஒரு காரியத்தையே எழுதுதல் வேண்டும். வயற்கண்டத்தின் பெயர், ஏக்கர் அளவு, பயன்பெறும் குடும்பங்களின் தொகை, முன்னர் எந்த அலுவலகத்துக்கு எந்நாளில் எழுதப்பட்டது என்னும் விபரம், கமக்கார அமைப்பின் பதிவு இலக்கம் ஆகியவை அதில் இருக்கட்டும். பிரதி ஒன்றைப் பிரதேச செயலாளருக்கும், மற்றொன்றைக் கமநல சேவை நிலையத்துக்கும் கொடுத்து, மூன்றாவதில் நாள் முத்திரை பெற்று அமைப்பின் கோவையில் வைத்துக்கொள்க. பெரும்போக ஆரம்பக் கூட்டங்கள் வழக்கமாகச் செப்டெம்பர், ஒக்டோபர் மாதங்களில் நடைபெறுவதால், ஆகஸ்ட் மாத முடிவுக்குள் மகஜர் போய்ச் சேர்ந்தாற்றான் அக்காரியம் அவ்வாண்டுக் கூட்டத்தின் நிகழ்ச்சி நிரலில் இடம்பெறக் காலம் இருக்கும்.