உயில் பணக்காரனுக்கு மட்டுமா?

"உயிலா? நமக்கா? எழுதி வைக்க நம்மிடம் என்ன இருக்கிறது?" என்று சிரிக்கிறார் துறைமுகத் தோழர்.

சிரியுங்கள் தோழரே! ஆனால் உயிலில் எழுதுவது சொத்தை மட்டுமா? கடனையும் எழுதி வைத்தார் ஒருவர், இதே தூத்துக்குடியில். 1906இல் சுதேசிக் கப்பல் கம்பெனி கண்டவர், 1908இல் கோரல் மில் தொழிலாளரின் வேலைநிறுத்தத்தில் முன்னின்றவர், சிறையில் செக்கிழுத்தவர். ஆம், வ.உ.சிதம்பரனார்தான்! 1936 நவம்பர் 18இல் மறைந்த அவர் விட்டுச் சென்ற உயிலில் நம் நெஞ்சில் தைப்பது எது? துணிக்கடைப் பாக்கி! எண்ணெய்க் கடைப் பாக்கி! கப்பல் விட்டவர் கடைக்காரரின் பாக்கியை மறைக்கவில்லை.

அவர் வக்கீல். செத்தவனுடைய கடன் சுடுகாட்டோடு போகாது, வாசலுக்கு வரும் என்பதை அறிந்தவர். சட்டமும் அதைத்தான் சொல்கிறது: முதலில் கடன், பிறகுதான் பங்கு. ஆனால் இன்னொன்றும் சொல்கிறது. அதைத்தான் வட்டிக்காரர் சொல்லமாட்டார்! அப்பன் விட்டுச் சென்ற சொத்தின் அளவுக்குத்தான் பிள்ளை பொறுப்பு. அப்பன் விட்டது ஓர் ஓட்டை வள்ளமானால், அந்த வள்ளத்தின் விலை வரைதான் கேட்கலாம்; மகனின் கூலியில் கை வைக்க முடியாது. தந்தை கடனைத் தீர்ப்பது மகனின் தருமம் என்ற பழைய இந்து சாத்திரக் கொள்கையைக் காட்டி, புதிய கடனுக்கு மகன்மீது வழக்குப் போட முடியாது என்று 2005ஆம் ஆண்டுத் திருத்தம் அடைத்துவிட்டது. மகனே ஜாமீன் கையெழுத்துப் போட்டிருந்தால் அது வேறு கதை. போடுமுன் யோசியுங்கள்!

உயிலுக்கு முத்திரைத்தாள் தேவையில்லை, வெள்ளைத்தாள் போதும். பதிவு கட்டாயமில்லை, செய்தால் நல்லது. இரண்டு சாட்சிகள் கையெழுத்திட வேண்டும். பங்கு பெறுகிறவரைச் சாட்சியாக நிறுத்தாதீர்கள். கிறிஸ்தவர் விஷயத்தில் அப்படி நிறுத்தினால் அவருக்கு எழுதியதே செல்லாது. 'புரோபேட்' என்று சொல்லிப் பயமுறுத்துவார்கள். தூத்துக்குடியில் எழுதி, தூத்துக்குடியில் இருக்கும் வீட்டைப் பற்றிய உயிலுக்கு அது கட்டாயமில்லை.

எழுதாமலே போனால்? முத்துக் குளிப்பு நடந்த நாளில் சிப்பியைக் கரையில் குவித்து, எல்லோர் கண்ணுக்கும் எதிரே பங்கு பிரித்தார்கள். கடைசிக் குளிப்பு நடந்தது 1961இல். வீட்டுப் பங்கு அப்படியா நடக்கிறது? "நகை போட்டுக் கட்டிக் கொடுத்தாயிற்று, தங்கச்சிக்கு இனி என்ன?" என்று ஒரு குரல். உடனே ஒரு விடுதலைப் பத்திரம். தங்கச்சியும் கையெழுத்திட்டுவிட்டு அழுகிறாள்!

சட்டம் அப்படிச் சொல்லவில்லை. கடற்கரைக் கிறிஸ்தவர் வீட்டுக்கு 1925ஆம் ஆண்டு இந்திய வாரிசுரிமைச் சட்டம்: மனைவிக்கு மூன்றில் ஒரு பங்கு, மீதி, மகன் மகள் என்ற பேதமின்றிச் சமமாக. இந்து வீட்டில் ஒருவர் சம்பாதித்த சொத்து மனைவிக்கும் தாய்க்கும் பிள்ளைகள் ஒவ்வொருவருக்கும் சரிசமம். பூர்வீகச் சொத்திலும் மகளுக்கு உரிமை தந்தது தமிழ்நாடு, 1989இலேயே! ஆனால் அதற்குமுன் மணமானவளை விட்டுவிட்டது. அந்தக் குறையை 2005இல் மத்தியச் சட்டம் நீக்கியது. பிறப்பாலேயே வருகிற உரிமை அது, அப்பா அப்போது உயிரோடு இருந்தாரா என்று கேட்க வேண்டியதில்லை என்று 2020இல் உச்ச நீதிமன்றம் முடித்து வைத்தது. 2004 டிசம்பர் 20க்கு முன்பே முறைப்படி நடந்து முடிந்த பாகப்பிரிவினையை மட்டும் கலைக்க முடியாது. காயல்பட்டினத்துத் தோழர்களுக்கோ இஸ்லாமியச் சட்டம்; அங்கே வாரிசுகள் சம்மதமின்றி மூன்றில் ஒரு பங்குக்கு மேல் உயில் எழுத முடியாது. அதன் கணக்கு விரிவானது. வேறொரு நாள் பார்ப்போம்.

இன்சூரன்சிலும் வங்கியிலும் 'நாமினி'யாகத் தம்பி பெயரைப் போட்டுவிட்டு, பிறகு கல்யாணம் செய்துகொண்டு, மாற்ற மறந்தவர்கள் நம்மில் எத்தனை பேர்! அப்படி நாமினியான தம்பி பணத்தை வாங்கி வைக்கும் கை. உரியவர் வாரிசுகளே என்று 1984இலேயே இன்சூரன்ஸ் வழக்கொன்றில் உச்ச நீதிமன்றம் சொன்னது. ஆனால் தம்பி கைக்குப் போன பணத்தை மீட்க அண்ணி கோர்ட்டுப் படி ஏறவேண்டும். பெயரை மாற்றக் கால் மணி நேரம் ஆகுமா?

எல்லாவற்றிலும் கொடியது ஒன்று. கடலுக்குப் போனவன் திரும்பவில்லை. உடலும் கிடைக்கவில்லை. இறப்புச் சான்றிதழ் இல்லாமல் தாசில்தாரிடம் வாரிசுச் சான்றிதழ் எப்படிக் கேட்பது? ஏழு ஆண்டுகள் எந்தச் செய்தியும் இல்லாவிட்டால்தான் இறந்ததாகக் கொள்ளலாம் என்பது 1872ஆம் ஆண்டுச் சாட்சியச் சட்டம். 2023இல் வந்த புதிய சட்டத்திலும் அதே ஏழு. 2017இல் ஒக்கிப் புயல் குமரிக் கரையில் எத்தனை பெண்களை இந்தக் கேள்விமுன் நிறுத்தியது! தாலியைக் கழற்றுவதா வேண்டாமா என்றே தெரியாதவளிடம் தாள் கேட்கிறது அலுவலகம். உயிலும் அப்போது உதவாது. சாவு நிலைநாட்டப்பட்டால்தானே உயில் பேசும்? வங்கிக் கணக்கை, இருவரில் யாரும் எடுக்கலாம் என்று மனைவியின் பெயரையும் சேர்த்து வைத்திருந்தால் அந்தப் பணத்தையாவது அவள் மறுநாளே எடுக்கலாம். வள்ளத்தில் யாருக்கு எத்தனை பங்கு, எஞ்சினுக்கு யாரிடம் எவ்வளவு கடன் என்று பங்காளிகள் கையெழுத்துப் போட்ட ஒரு தாள் பெட்டிக்குள் இருந்தால், கரையில் நின்று அவள் யார் வாய்ச் சொல்லையும் நம்ப வேண்டியதில்லை.