குரூஸ் கொல்கத்தாவில் நிற்கிறது. காளிகாட் முடித்துவிட்டு கங்காசாகர் தீவுக்குப் போய் வரலாமா?

ஹூக்ளி நதியில் ஓடும் சொகுசுக் கப்பலில் டிக்கெட் போட்டிருக்கிறீர்கள். கொல்கத்தாவில் ஒரு பகல் ஓய்வு. காளிகாட் தரிசனம் முடிந்ததும், 'அப்படியே கங்காசாகரும் பார்த்துடலாமே' என்று கூட வந்தவர் சொல்வார். ஆசை நியாயமானதுதான். காளிகாட் கோயில் பக்கத்தில் இன்று சாக்கடை மாதிரி ஓடும் ஆதிகங்கைதான் ஒரு காலத்தில் கங்கையின் முக்கியப் பாதை; சாகர் யாத்திரைப் படகுகள் போனதும் அந்த வழியில்தான்.

ஆனால் ஒரே பகலில் போய்த் திரும்புவது ரிஸ்க். காரணம் தூரம் மட்டும் இல்லை.

காளிகாட்டிலிருந்து காக்துவீப் அருகே இருக்கும் லாட் எண் 8 படகுத்துறைக்கு சுமார் 90 கிலோமீட்டர். காரில் கிட்டத்தட்ட மூன்று மணி நேரம். அங்கிருந்து முரிகங்கா ஆற்றைக் கடந்து கச்சுபேரியாவில் இறங்க வேண்டும். அதன் பிறகு கபில முனி கோயிலுக்குத் தீவுக்குள்ளேயே இன்னும் 30 கிலோமீட்டர்.

சிக்கல் நடுவில் இருக்கும் அந்த ஆற்றில். முரிகங்காவில் வண்டல் படிந்து படிந்து ஆழம் குறைந்துவிட்டது. கடல் நீர் ஏறும்போது படகு ஓடும். வற்றும்போது தரை தட்டும் என்பதால் சில மணி நேரம் சேவையையே நிறுத்திவிடுவார்கள். கன்னியாகுமரியில் 'கடல் நீர்மட்டம் தாழ்வு, விவேகானந்தர் பாறைக்குப் படகு ரத்து' என்று செய்தி வருமே, அது அங்கே எப்போதாவது. இங்கே அன்றாடம்.

நேற்று போனவர் சொன்ன நேரத்தை நம்பலாமா?

கூடாது. நீர் ஏறி, வற்றி, மறுபடி ஏற சுமார் 12 மணி 25 நிமிடம் ஆகும். ஆகவே ஒவ்வொரு நாளும் நேரம் ஏறத்தாழ 50 நிமிடம் தள்ளிப்போகும். ஒரு வாரத்தில் காலை நிலவரம் மதியத்துக்கு வந்துவிடும். கிளம்பும் முன் அன்றைய நிலவரத்தைக் கேளுங்கள். வங்காளத்தில் நீர் ஏற்றம் 'ஜோயார்', வற்றம் 'பாட்டா'. (செருப்புக் கம்பெனி ஞாபகம் வந்தால் நான் பொறுப்பில்லை.)

பலரும் கோட்டை விடுவது திரும்பும் படகில். காலை 8 மணிக்குக் கிளம்பி, காத்திருக்காமலே படகு கிடைத்தாலும், கோயிலில் நிற்கும்போது மதியம் 1 மணி தாண்டிவிடும். தரிசனம், சாப்பாடு முடித்து மூன்றரைக்கு கச்சுபேரியா வருகிறீர்கள். மூன்று மணிக்கே நீர் வற்றிப் படகு நின்றிருந்தால்? அங்கேயே உட்கார வேண்டியதுதான். கொல்கத்தா சேர இரவு பத்து ஆகலாம்.

கப்பல் காத்திருக்குமா? கப்பல் நிர்வாகமே அழைத்துப்போகும் சுற்றுலா தாமதமானால் பொதுவாகக் காத்திருப்பார்கள். நீங்களாகப் போனால் அந்தச் சலுகையை எதிர்பார்க்க முடியாது. கிளம்பும் நேரம் வேறு, கப்பலில் ஏற வேண்டிய கடைசி நேரம் வேறு என்பதையும் கவனியுங்கள்.

மகர சங்கராந்தி சமயம், அதாவது நம் பொங்கல் லீவில், இந்த யோசனையே வேண்டாம். மேளாவுக்கு லட்சக்கணக்கில் கூட்டம் வரும். முரிகங்காவின் மேல் 4.75 கிலோமீட்டர் பாலத்துக்காக மேற்கு வங்க அரசு 2025 பட்ஜெட்டில் 500 கோடி ரூபாய் ஒதுக்கியது. அது கட்டி முடிக்கப்படும் வரை தண்ணீர் சொல்வதுதான் டைம்டேபிள். கங்காசாகர் போயே ஆக வேண்டும் என்றால் தீவில் ஒரு இரவு தங்குவது போல தனிப் பயணமாகப் போடுங்கள்.

ஒரு பகல்தான் இருக்கிறது, ஆனால் படகிலும் போகணும் என்பவர்களுக்கு என் சிபாரிசு: காளிகாட் மெட்ரோவில் ஏறினால் நேராக தக்ஷிணேஸ்வர். அங்கிருந்து படகில் பேலூர் மடம். ஹூக்ளியிலும் 'பான்' என்ற பேரலை ஏறும் நேரத்தில் படகுகளை நிறுத்துவார்கள். நிறுத்தினாலும் கவலையில்லை, திரும்பி வர பாலமும் சாலையும் இருக்கின்றன.