பரிசோதனையில் தேறிய போலி மருந்து

2007 நவம்பர். அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் குழந்தைகள் மருத்துவமனையில் டயாலிசிஸுக்கு வந்த சில பிள்ளைகளுக்குச் சிகிச்சை தொடங்கிய சிறிது நேரத்தில் முகம் வீங்கியது, நெஞ்சு படபடத்தது, இரத்த அழுத்தம் சரிந்தது. பார்வைக்குக் கடுமையான ஒவ்வாமைதான். ஆனால் ஒவ்வாமை ஆளுக்கு ஆள் மாறும். இப்படிக் கூட்டமாக வராது. மற்ற மாநிலங்களிலிருந்தும் இதே செய்தி வர, பொதுக் காரணமாகப் பிடிபட்டது பாக்ஸ்டர் நிறுவனத்தின் ஹெபாரின். 2008 ஜனவரியில் அதைத் திரும்பப் பெறத் தொடங்கினார்கள்.

இரத்தம் உறையாமல் காக்கும் ஹெபாரின், பன்றிக் குடலின் உட்சவ்விலிருந்து எடுக்கப்படுவது. மூலப்பொருளில் பெரும்பங்கு சீனாவிலிருந்து போகிறது. அங்கே 2006 முதல் பன்றிகளை நோய் தாக்கியது. குடலுக்குத் தட்டுப்பாடு, விலையேற்றம். அந்தச் சமயத்தில்தான் சரக்கில் வேறொன்று கலந்தது: குருத்தெலும்பில் கிடைக்கும் மலிவான காண்ட்ராய்டினில் சல்பேட்டை அளவுமீறி ஏற்றிய பொருள். இயற்கையில் இப்படி ஒன்று கிடைப்பதில்லை. ஆகவே தவறிக் கலந்தது என்று நம்புவது கடினம்.

அப்போதைய பரிசோதனை, மருந்து இரத்தம் உறைவதைத் தடுக்கிறதா என்றுதான் முக்கியமாகப் பார்த்தது. போலியும் ஓரளவு தடுத்தது; தேறிவிட்டது. உடல்தான் கண்டுபிடித்தது.

எப்படி? வழக்கமான ஒவ்வாமைக்கு, உடல் அந்தப் பொருளை முன்பே சந்தித்து அதற்கென எதிர்ப்புப் புரதம் செய்து வைத்திருக்க வேண்டும். இங்கே அந்த முன்னறிமுகம் தேவைப்படவில்லை. இரத்தத்திலுள்ள கல்லிக்ரீன் என்ற நொதியைப் போலி நேரடியாக முடுக்கியது. அதனால் பிராடிகைனின் என்ற பொருள் பெருகி, இரத்தக் குழாய்கள் விரிந்து, அழுத்தம் விழுந்தது. கூடவே அழற்சியைக் கிளப்பும் புரதங்களும் கிளம்பின. அதிக அளவை ஒரே மூச்சில் நரம்பில் ஏற்றப்பட்டவர்களுக்கே ஆபத்து அதிகம். மருந்து பெற்ற பின் ஒவ்வாமை அறிகுறிகளோடு இறந்ததாக 81 பேரை அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை கணக்கிட்டது. எல்லாச் சாவுக்கும் மருந்தே காரணம் என்று நிறுவப்படவில்லை.

மூலப்பொருள் தயாரித்த சீனாவின் சாங்சோ ஆலையை அந்தத் துறை அனுமதிக்கு முன் ஒருமுறைகூடப் போய்ப் பார்க்கவில்லை. அதே போன்ற பெயருள்ள வேறோர் ஆலையைப் பார்த்த பதிவை இதற்கு உரியதென்று எண்ணிவிட்டார்களாம்! எந்த அலுவலகத்திலும் நடக்கக்கூடிய கோப்புக் குழப்பம்தான், ஆனால் இது நரம்பில் ஏறும் மருந்து.

பிறகு சோதனை முறைகள் மாறின. மூலக்கூறின் அமைப்பையே காட்டும் காந்த ஒத்ததிர்வுச் சோதனை கட்டாயமானது. 2009 அக்டோபரில் அமெரிக்காவில் ஹெபாரின் அலகின் வரையறையும் திருத்தப்பட்டது. புதிய மருந்தின் வீரியம் பழையதைவிடச் சுமார் 10 சதவீதம் குறைவு என்று மருத்துவர்களுக்கு எச்சரிக்கை போயிற்று.