இராப்போஜனமும் நெஞ்செரிச்சலும்

நெஞ்செரிகிறது என்று வருந்துகிறவர்களைக் காரணம் கேட்டால், பெரும்பாலோர் மிளகாயின் மீதும் புளியின் மீதும் பழியைப் போட்டுவிடுவார்கள். என்ன சாப்பிட்டோம் என்பதை மறவாமல் சொல்லும் அவர்களுக்கு, எத்தனை மணிக்குச் சாப்பிட்டோம், கை கழுவியபின் எவ்வளவு நேரத்தில் தலை சாய்த்தோம் என்பது பொருட்டாகத் தோன்றுவதில்லை. அநேகருடைய விஷயத்தில் அதுவே பிரதானமான காரணம் என்பது என் திடமான அபிப்பிராயம்.

உணவுக்குழாய் இரைப்பையோடு சேருமிடத்தில் ஒரு தசை வளையம் உண்டு. விழுங்கும்போது தளர்ந்து ஆகாரத்துக்கு வழிவிடுவதும், உடனே இறுகிக்கொள்வதும் அதன் சுபாவம். இரைப்பையில் சுரப்பது ஹைட்ரோகுளோரிக் அமிலம் என்பதை 1824-இல் வெளியிட்டவர் இங்கிலாந்து தேசத்து வில்லியம் புரூட். அந்த அமிலத்தின் உக்கிரத்தைத் தாங்கும்படி இரைப்பையின் உட்புறத்தைக் கோழைப் படலம் காக்கிறது. உணவுக்குழாய்க்கோ அவ்வளவு பலமான காப்பு இல்லாமையால், வளையம் வேளையல்லாத வேளையில் தளர்ந்து அமிலம் மேலேறும்போது மார்பெலும்புக்குப் பின்னால் எரிச்சலும், தொண்டையில் புளித்த நீரும் உண்டாகின்றன.

கடையைச் சாத்திவிட்டு இரவு பத்தரை மணிக்கு எண்ணெய் மினுங்கும் பரோட்டாவைச் சால்னாவில் ஊறவைத்து வயிறு நிறைய உண்டு, பதினொரு மணிக்குள் படுத்துவிடுகிற ஒருவரை எண்ணிப் பாருங்கள். கொழுப்பு மிகுந்த ஆகாரம் இரைப்பையை விட்டு இறங்கத் தாமதமாகிறது. நிரம்பிப் புடைத்த இரைப்பையோ அந்த வளையத்தை அடிக்கடி தளரச் செய்கிறது. நிமிர்ந்திருக்கையில் மேலேறிய அமிலத்தைப் பூமியின் ஈர்ப்பு கீழே இழுக்கும். விழுங்கும் உமிழ்நீரும் அதன் உக்கிரத்தைத் தணிக்கும். படுத்ததும் முதல் உதவி போய்விடுகிறது; நித்திரையில் உமிழ்நீர் சுரப்பதும் விழுங்குவதும் வெகுவாகக் குறைவதால், இரண்டாவதும் பெயரளவில்தான் நிற்கிறது. இராச் சாப்பாட்டுக்கும் படுக்கைக்கும் இடையே மூன்று மணி நேரமாவது இருக்கட்டும் என்று வைத்தியர்கள் சொல்வது இதனால்தான்.

மிளகாய்க்குப் பங்கே இல்லை என்பதல்ல. முன்பே புண்பட்ட குழாயில் அது எரிச்சலை அதிகமாக்கும். காப்பியும் சாக்லேட்டும் சிலருக்கு ஒத்துக்கொள்வதில்லை; புகையிலையும் மதுவும் அந்த வளையத்தைத் தளர்த்துவன. ஜீரணத்துக்கு நல்லதென்று நம்பிச் சப்பும் பெப்பர்மிண்டும் அவ்விதமே செய்யும். நள்ளிரவில் எழுந்து பால் குடிப்பவர்களுக்குச் சற்று நேரம் இதமாக இருக்கும்; பிறகு அந்தப் பாலே அமிலம் சுரக்கத் தூண்டுகோலாகும். ஆயினும் எல்லோருக்கும் பொதுவான பத்தியம் என்று ஒன்றை விதித்து, பிடித்ததையெல்லாம் ஒருவர் துறக்கும்படி செய்வதில் நியாயமில்லை. எது தமக்கு ஒவ்வாதது என்பதைச் சில வாரங்கள் கவனித்தால் அவரவர்க்கே தெரிந்துவிடும்.

இரவில் எரிச்சலால் விழிப்பவர்கள் கட்டிலின் தலைமாட்டுக் கால்களுக்கு அடியில் செங்கல் வைத்து, 15 முதல் 20 சென்டிமீட்டர் வரை உயர்த்திக்கொள்ளலாம். தலையணைகளை அடுக்கிக்கொண்டால் இடுப்பு மடங்கி வயிறு அமுங்குமேயொழிய பிரயோஜனமில்லை. பாயில் படுப்பவர்கள் இடுப்புக்கு மேலுள்ள பாகம் முழுவதும் சரிவாக உயரும்படி அமைத்துக்கொள்வது உசிதம். இடப்பக்கமாக ஒருக்களித்துப் படுத்தால் இரைப்பை அந்தத் தசை வளையத்துக்குத் தாழ்வாக அமைவதால், அமிலம் ஏறுவது குறையும். தொப்பையும் இறுக்கிக் கட்டிய பெல்ட்டும் இரைப்பையை ஓயாமல் நெருக்குவதால், உடல் பருத்தவர்கள் எடையைக் குறைத்த அளவுக்கு உபாதையும் தணிவதுண்டு.

விழுங்கும்போது உணவு அடைத்தாலும், காரணமின்றி உடம்பு மெலிந்தாலும், மலம் கறுத்துப் போனாலும், இவ்விதச் சீர்திருத்தங்களோடு நிறுத்திவிடாமல் வைத்தியரிடம் காட்ட வேண்டும். மார்பின் வலி வியர்வையோடு கூடி, கைக்கோ தாடைக்கோ பரவுமானால், அதை வாயுவென்று எண்ணிச் சீரகத் தண்ணீர் குடித்துக் காத்திராமல், அந்தக் கணமே ஆஸ்பத்திரிக்கு அழைத்துச் செல்லுங்கள். இருதய வியாதி இந்த வேஷத்திலும் வருவதுண்டு.